லண்டனில் எடுத்த கொடுப்பனவு, கொழும்புக்கு வந்த விசாரணைக் கடிதம்: ஒரு நிகழ்வு ஆய்வு

வெளிநாட்டில் பல வருடம் இருந்துவிட்டுக் கொழும்புக்குத் திரும்பிய முதியவர்களுக்குப் பத்திர வேலைகளில் உதவி செய்து வருகிறேன். 2024 இல் வெள்ளவத்தைக் குடும்பம் ஒன்றுக்கு நடந்ததை, அவர்களுடைய சம்மதத்தோடு இங்கே பதிகிறேன். ஆட்களை அடையாளம் காட்டக்கூடிய சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். இதே மாதிரிக் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு நித்திரை இல்லாமல் இருக்கும் வேறு குடும்பங்களையும் எனக்குத் தெரியும். இது அவர்களுக்காக எழுதியது.

பின்னணி

அந்த அம்மாவுக்கு அப்போது எழுபத்து நான்கு வயது. கொட்டாஞ்சேனையில் வளர்ந்தவர். 1983 கலவரத்துக்குப் பிறகு கணவரோடு லண்டன் போய், அகதியாக ஏற்றுக்கொள்ளப்பட்டு, பின்னர் பிரித்தானியப் பிரஜையானார். அலுவலகங்களைத் துப்புரவு செய்யும் வேலையில் பல வருடம் இருந்தார். கணவர் 2012 இல் இறந்த பிறகு மாநகரசபை வீடொன்றில் தனியாக இருந்தார். 2013 இல் வருமானம் குறைந்த முதியோருக்கான பென்ஷன் கிரெடிட்டும் வாடகைக்கான ஹவுசிங் பெனிபிட்டும் அவருக்குக் கிடைக்கத் தொடங்கின. விண்ணப்பத்தை ஆங்கிலம் தெரிந்த ஒரு தெரிந்தவர் நிரப்பிக் கொடுத்தார். அம்மா கையெழுத்து வைத்தார்.

2022 இல் அவர் கொழும்புக்கே வந்துவிட்டார். வெள்ளவத்தையில், இறந்துபோன தமக்கையின் மகளோடு, அதாவது தன் பெறாமகளோடு, ஒரு தொடர்மாடி வீட்டில் இருக்கிறார். நிரந்தரமாகப் போகிறேன் என்று முறையாக அறிவித்துவிட்டுத்தான் வந்தார். பென்ஷன் கிரெடிட்டும் வாடகை உதவியும் அத்தோடு நின்றன. அவர் வேலை செய்து சேர்த்த அரச ஓய்வூதியம் மட்டும் தொடர்ந்து வருகிறது. இலங்கையில் வசிப்பவர்களுக்கு அந்த ஓய்வூதியம் வருடா வருடம் கூடாது. வந்த நாளில் இருந்த தொகைதான் கடைசிவரை. அதில் வாரத்துக்கு ஐந்து பவுண் குறைந்தாலும் அவருக்கு அது பெரிய குறைவு.

கடிதம்

பென்ஷன் கிரெடிட்டைக் கொடுக்கும் பிரித்தானிய வேலை, ஓய்வூதியத் திணைக்களத்தின் கடிதம், லண்டனில் இருக்கும் மகளின் விலாசத்துக்குப் போனது. மகள் அதைப் படம் எடுத்து வட்ஸ்அப்பில் அனுப்பினார். 2013 முதல் 2022 வரையான கொடுப்பனவு தொடர்பாக எச்சரிக்கையுடனான நேர்காணலுக்கு வரவேண்டும் என்று அதில் இருந்தது. இடம் கிழக்கு லண்டனில் ஓர் அலுவலகம். இடையில் இரண்டு வாரம்தான் இருந்தது. எதைப் பற்றிய சந்தேகம் என்று கடிதத்தில் ஒரு வரியும் இல்லை.

இந்த இடத்தில் ஒரு விளக்கம் தேவை. பிரித்தானியாவில் கொடுப்பனவு தொடர்பாக இரண்டு விதமான சந்திப்புகளுக்கு அழைப்பார்கள். ஒன்று, விவரங்கள் சரியா என்று பார்க்கும் சாதாரணச் சந்திப்பு. மற்றது குற்றம் நடந்திருக்கலாம் என்ற சந்தேகத்தில் நடப்பது. இரண்டாவதில் அதிகாரி முதலில் ஓர் எச்சரிக்கையை வாசிப்பார்: நீங்கள் எதுவும் சொல்லத் தேவையில்லை, ஆனால் பிறகு நீதிமன்றத்தில் நீங்கள் ஆதாரமாகக் காட்டப்போகும் ஒன்றை இப்போது கேட்கும்போது சொல்லாமல் விட்டால் அது உங்கள் தரப்பைப் பாதிக்கலாம், சொல்வது எதுவும் சாட்சியமாகலாம். பேச்சு முழுவதும் ஒலிப்பதிவாகும். போவதும் போகாததும் அழைக்கப்பட்டவரின் விருப்பம். போனாலும் இடையில் எழுந்து வரலாம். சட்டத்தரணியையும் மொழிபெயர்ப்பாளரையும் கேட்கலாம். அம்மாவுக்கு வந்தது இந்த இரண்டாவது வகை.

முதல் நாட்கள்

பெறாமகள் என்னிடம் வந்தபோது குடும்பத்துக்குள் மூன்று யோசனைகள் ஓடிக்கொண்டிருந்தன. கனடாவில் இருக்கும் உறவினர் ஒருவர், “அன்ரி கொழும்பில இருக்கிறா, அவங்கள் என்ன செய்யப் போறாங்கள், பேசாமல் விடுங்கோ” என்றார். லண்டன் மகள் பயந்து போயிருந்தார். “எல்லாத்தையும் எழுதிக் குடுத்து மன்னிப்புக் கேப்பம் அம்மா, வீட்டுப் பங்கைப் பற்றியும் சொல்லிப்போடுவம்” என்று அழுதார். இன்னொருவர் கடன் வாங்கியாவது ஒரு தொகையைக் கட்டி முடிக்கச் சொன்னார். அம்மா திரும்பத் திரும்பச் சொன்னது ஒன்றுதான்: “நான் ஒருத்தரின்ர காசையும் களவெடுக்கேல்ல.”

வீட்டுப் பங்கு என்று மகள் சொன்னதுதான் குடும்பத்தின் பெரிய பயம். கொட்டாஞ்சேனை வீடு அம்மாவின் தகப்பனார் பெயரில் இருந்தது. பெற்றோர் இறந்த பிறகு ஐந்து பிள்ளைகளுக்கும் பிரிக்கப்படாத பங்காகவே கிடந்தது. மூத்த அண்ணா அதில் வசித்து வந்தார். 2013 விண்ணப்பத்தில் வேறு வீடு, காணி உண்டா என்ற கேள்விக்கு இல்லை என்று எழுதப்பட்டிருந்தது. அம்மாவைப் பொறுத்தவரை அது அண்ணாவின் வீடு. ஆனால் வாரிசுரிமைப்படி ஐந்தில் ஒரு பங்கு அவருடையது.

முதலில் கடிதம் உண்மையானதா என்று பார்த்தோம். கடிதத்திலிருந்த தொலைபேசி இலக்கத்தை நம்பாமல், பிரித்தானிய அரசின் இணையத்தளத்தில் திணைக்களத்தின் பொது இலக்கத்தைத் தேடி, மகள் அழைத்து உறுதிப்படுத்தினார். அந்த அழைப்பில் வேறு எதையும் பேச வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லி வைத்திருந்தோம். அதிகாரி அன்பாகத்தான் கேட்டாராம், அம்மா எப்போது கொழும்பு போனார் என்று. சட்டத்தரணி மூலம் பதில் வரும் என்று மகள் சொல்லிவிட்டார்.

பேசாமல் விடுவதில்லை என்று முடிவெடுத்தோம். நேர்காணலுக்குப் போகாதது குற்றம் அல்ல. ஆனால் பதிலே இல்லாவிட்டால் கையில் இருக்கும் தகவலை மட்டும் வைத்து முடிவெடுப்பார்கள். விஷயம் நீதிமன்றத்துக்குப் போய், அங்கிருந்து வரும் அழைப்பாணைக்கும் போகாவிட்டால் பிடியாணை பிறக்கலாம். மகளும் பேரப்பிள்ளைகளும் லண்டனில் இருக்கும் ஒருவர் அந்த நிலையில் இருக்க முடியாது.

மன்னிப்புக் கடிதமும் எழுதவில்லை. என்ன சந்தேகம் என்றே தெரியாதபோது எழுதும் மன்னிப்பு, கேட்காத குற்றத்தையும் ஒப்புக்கொள்வதாகிவிடும். இதில் நான் பிடிவாதமாக நின்றேன். மகளுக்கு அப்போது என்னில் கொஞ்சம் கோபம்கூட.

யாரிடம் போவது

கொழும்பில் நல்ல சட்டத்தரணிகளுக்குக் குறைவில்லை. ஆனால் இது இங்கிலாந்துச் சட்டம். லண்டனில் குற்றவியல் வழக்குப் பார்க்கும் சட்டத்தரணி ஒருவரை மகள் தேடிப் பிடித்தார். வருமானம் குறைந்தவர்களுக்கு அரச சட்ட உதவியில் இந்த ஆலோசனை கிடைக்க வழியுண்டு. அம்மாவின் வருமான விவரத்தைப் பார்த்து அந்த உதவி கிடைத்தது.

அதோடு நிற்காமல், கொடுப்பனவு விதிகள் தெரிந்த ஆலோசகர் ஒருவரையும் ஓர் இலவச ஆலோசனை நிலையத்தில் கண்டுபிடித்தோம். இந்த முழு நிகழ்விலும் எனக்கு மிக முக்கியமாகப் படுவது இதுதான். குற்றவியல் சட்டத்தரணிக்கு எப்போது பேசுவது, எப்போது பேசாமல் இருப்பது என்று தெரியும். ஆனால் எந்தச் சொத்து கணக்கில் வரும், எத்தனை வாரம் வெளிநாட்டில் இருக்கலாம் என்பது வேறு ஓர் அறிவு. பணம் திருப்பிக் கட்ட வேண்டுமா என்பது அந்த இரண்டாவது அறிவில்தான் தங்கியிருக்கிறது.

சட்டத்தரணியோடு முதல் வீடியோப் பேச்சுக்குக் கிடைத்த மொழிபெயர்ப்பாளர் தமிழ்நாட்டைச் சேர்ந்தவர். நல்ல மனிதர். ஆனால் அவருடைய பேச்சு அம்மாவுக்கு முழுதாகப் பிடிபடவில்லை. பிடிபடாத இடத்திலெல்லாம் மரியாதைக்காக “ஓம், ஓம்” என்று தலையாட்டிக்கொண்டிருந்தார். விசாரணையில் ஒவ்வொரு ஓமும் ஒப்புதல். பெறாமகள் அதைக் கவனித்துப் பேச்சை நிறுத்தினார். அடுத்த முறை இலங்கைத் தமிழ் பேசும் ஒருவரைக் கேட்டு வாங்கினோம்.

சந்தேகம் என்ன என்று தெரிந்தபோது

சட்டத்தரணி மூன்று விஷயங்களை எழுத்தில் கேட்டார். வைத்தியரின் கடிதத்தோடு நாளைத் தள்ளிவைக்கும்படி ஒன்று. நேர்காணலுக்கு முன் சந்தேகத்தின் விவரத்தைத் தரும்படி ஒன்று. அம்மாவைப் பற்றித் திணைக்களம் வைத்திருக்கும் பதிவுகளின் பிரதி ஒன்று. தன்னைப் பற்றிய பதிவுகளைக் கேட்டுப் பெறும் உரிமை அங்கு யாருக்கும் உண்டு. பொதுவாக ஒரு மாதத்துக்குள் கொடுக்க வேண்டும்.

வந்த விவரத்தில் இரண்டு விஷயங்கள் இருந்தன. ஒன்று கொட்டாஞ்சேனை வீட்டுப் பங்கு. மற்றது குடும்பத்தில் எவரும் நினைத்தே பார்க்காதது: 2018, 2019, 2020 இல் அம்மா கொழும்புக்கு வந்துபோன பயணங்கள்.

பென்ஷன் கிரெடிட்டுக்கும் ஹவுசிங் பெனிபிட்டுக்கும் 2016 ஜூலை கடைசியிலிருந்து நாலு வார விதி உண்டு. பிரித்தானியாவுக்கு வெளியே நாலு வாரத்துக்கு மேல் இருக்கும் எண்ணத்தோடு போனால் உரிமை புறப்படும் நாளிலேயே நின்றுவிடும். நாலு வாரத்துக்குள் திரும்பும் எண்ணத்தோடு போய்த் தாமதித்தால் முதல் நாலு வாரத்துக்கு உரிமை உண்டு. நெருங்கிய உறவினரின் மரணம் காரணமாக அதற்குள் திரும்புவது நியாயமில்லை என்றால் மொத்தம் எட்டு வாரம்வரை போகலாம். 2016 க்கு முன் பென்ஷன் கிரெடிட்டில் இது பதின்மூன்று வாரமாக இருந்தது. அம்மா கேள்விப்பட்டிருந்தது அந்தப் பழைய கணக்கு. “மூண்டு மாசம் நிக்கலாம் எண்டுதானே எல்லாரும் சொன்னவை” என்றார். அவர் பொய் சொல்லவில்லை என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

கொழும்பில் திரட்டியவை

பயணத் தேதிகளைச் சரியாக நிறுவ வேண்டியிருந்தது. பிரித்தானியக் கடவுச்சீட்டில் பிரித்தானியா முத்திரை குத்துவதில்லை. அதனால் கட்டுநாயக்கவில் குத்திய வருகை, புறப்பாட்டு முத்திரைகள்தான் ஆதாரம். பழைய கடவுச்சீட்டு, மூலை வெட்டப்பட்டு, அலுமாரியில் சேலைகளுக்கடியில் இருந்தது. அதை எறியாமல் வைத்திருந்தது பெரிய உதவி.

2018 டிசம்பர் பயணம் ஆறு வாரம். போகும்போதே ஆறு வாரத்துக்குத்தான் விமானச்சீட்டு எடுத்திருந்தார். 2019 ஓகஸ்டில் தமக்கைக்குச் சுகமில்லை என்று மூன்றரை வாரத்துக்குச் சீட்டு எடுத்து வந்தார். இருக்கும்போதே தமக்கை இறந்துபோனார். முப்பத்தொராம் நாள் அந்தியேட்டி முடிந்துதான் திரும்பினார். மொத்தம் ஏழரை வாரம். 2020 இல் ஒரு கலியாணத்துக்கு பெப்ரவரி 26 இல் வந்தார். மார்ச் 22 க்குத் திரும்பும் சீட்டு இருந்தது. மார்ச் 20 மாலை ஊரடங்கு வந்தது. கொழும்பு மாவட்டத்தில் அது மே 26 வரை நீடித்தது. பிறகும் தொற்றுக்குப் பயந்து பிள்ளைகள் அவரை அனுப்பவில்லை. ஓகஸ்டில்தான் போனார்.

தமக்கையின் மரணச் சான்றிதழ், இருவரும் சகோதரிகள் என்று காட்டப் பிறப்புச் சான்றிதழ்கள், அவற்றின் ஆங்கில மொழிபெயர்ப்பு, விமானச்சீட்டுப் பதிவுகள் எல்லாம் சேர்ந்தன. சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரிடம் கொடுத்துத்தான் எல்லாவற்றையும் மொழிபெயர்த்தோம்.

வீட்டு விஷயத்தில் முதலில் நாங்கள் மதிப்பீட்டாளர் ஒருவரைத் தேடினோம். பென்ஷன் கிரெடிட்டில் 10,000 பவுண் வரையான சேமிப்பையும் சொத்தையும் கணக்கில் எடுக்கமாட்டார்கள். அதற்கு மேல் ஒவ்வொரு 500 பவுணுக்கும் வாரம் ஒரு பவுண் வருமானம் என்று வைத்துக் கணக்கிடுவார்கள். ஐந்தில் ஒரு பங்கின் பெறுமதி அந்த எல்லையைத் தாண்டும் என்று எல்லோருக்கும் பயம். அப்போதுதான் ஆலோசனை நிலையத்தில் இருந்தவர் ஒரு கேள்வி கேட்டார்: அந்த வீட்டில் யார் இருக்கிறார், அவருக்கு என்ன வயது?

அண்ணாவுக்கு அப்போது எழுபத்தெட்டு. 2013 இல் அறுபத்தேழு. பென்ஷன் கிரெடிட் விதிகளின்படி, விண்ணப்பதாரரின் நெருங்கிய உறவினர், ஓய்வூதிய வயதை எட்டியவர், ஒரு வீட்டில் தன் இருப்பிடமாக வசித்தால் அந்த வீடு கணக்கிலேயே வராது. பெறுமதி எவ்வளவாக இருந்தாலும் சரி. அந்த வாக்கியத்தை அவர் வாசித்தபோது பெறாமகள் கதிரையில் அப்படியே சாய்ந்துவிட்டார். குடும்பம் மன்னிப்புக் கேட்க இருந்த விஷயம், ஒரு பவுணைக்கூட மாற்றாத ஒன்று.

அதை நிறுவக் கொட்டாஞ்சேனை கிராம உத்தியோகத்தரிடம் வதிவிடச் சான்றிதழ் எடுத்து, பிரதேச செயலகத்தில் மேலொப்பம் வாங்கினோம். அண்ணாவின் பழைய தேசிய அடையாள அட்டையின் முதல் இரண்டு இலக்கங்களே பிறந்த வருடத்தைக் காட்டும். அதன் பிரதியும் வைத்தோம். வாக்காளர் இடாப்பில் அவருடைய பெயர் வருடா வருடம் அந்த விலாசத்திலேயே இருந்தது. இந்தப் பத்திரங்கள் கைக்கு வரத் தாமதமானது.

அழைப்புக்குக் கொடுத்த பதில்

லண்டன் போய் நேரில் அமர்வதா என்று நிறைய யோசித்தோம். அம்மாவின் முழங்கால், இருதயம் இரண்டும் அந்தப் பயணத்தைத் தாங்குமா என்று வைத்தியர் தயங்கினார். தேதிகளைக் குழப்பிக்கொள்ளும் பழக்கமும் அவருக்கு வந்திருந்தது. ஒலிப்பதிவில் மாறிச் சொல்லும் ஒரு தேதி பிறகு பொய்யாகத் தெரியும். அதனால் நேர்காணலுக்குப் பதிலாகக் கையெழுத்திட்ட எழுத்து வாக்குமூலம் கொடுப்பது என்று சட்டத்தரணி தீர்மானித்தார். இது எல்லோருக்கும் பொருந்தாது. நேரில் நன்றாகப் பேசக்கூடியவருக்குச் சட்டத்தரணியோடு போவதே நல்லதாக இருக்கலாம்.

வாக்குமூலம் இரண்டு பக்கம்தான். மூன்று பயணங்களின் தேதிகள், ஒவ்வொன்றின் காரணம், போகும்போது இருந்த எண்ணம். வீட்டில் யார் வசிக்கிறார், பங்கு எப்படி வந்தது. 2020 இல் திணைக்களத்துக்கு அறிவிக்கவில்லை என்பதும் அப்படியே எழுதப்பட்டது. நாலு வார விதி தனக்குத் தெரியாது என்று அம்மா சொன்னது, அவர் சொன்னபடியே. அழகுபடுத்தவில்லை. அங்குள்ள சட்டத்தில் நேர்மையீனம் நிரூபிக்கப்பட்டால் ஏழு வருடம்வரை சிறை விதிக்கலாம். தெரிந்தே தவறான தகவல் கொடுத்ததற்குத் தனியாக ஒரு சிறிய குற்றமும் உண்டு. இரண்டிலும் மனதில் என்ன இருந்தது என்பதே கேள்வி. அதனால் ஒவ்வொரு பயணத்தின் எண்ணத்தையும் விமானச்சீட்டோடு சேர்த்துக் காட்டினோம்.

பணம் கட்டி முடிக்கும் யோசனையைச் சட்டத்தரணியும் ஏற்கவில்லை. வழக்குக்குப் பதிலாகத் தண்டப்பணம் கட்டும் ஏற்பாடு ஒன்று உண்டு. கூடுதலாகக் கொடுத்த தொகையில் பாதி, ஆகக் குறைந்தது 350 பவுண், ஆகக் கூடியது 5,000 பவுண். திணைக்களம் அதை முன்வைத்தால் பார்க்கலாம், நாமாகக் கேட்டுப் போகத் தேவையில்லை என்றார்.

பிறகு நடந்தது

சில மாதம் கழித்து, குற்றவியல் நடவடிக்கை எடுப்பதில்லை என்று கடிதம் வந்தது. குடும்பம் கோயிலுக்குப் போய் வந்தது. ஆனால் அடுத்த கடிதம், கூடுதலாகக் கொடுத்த பணத்தைத் திருப்பிக் கேட்டது. வீட்டுப் பங்கு எல்லா வருடத்துக்கும், மூன்று பயணங்களும் சேர்த்து 14,000 பவுணுக்கு மேல். வழக்கு இல்லை என்பது கடன் இல்லை என்று ஆகாது. இரண்டும் வேறு வேறு முடிவுகள், வேறு வேறு ஆட்கள் எடுப்பவை.

மறுபரிசீலனை கேட்க ஒரு மாதம்தான். கொழும்புக்குத் தபால் வந்து சேர்வதற்குள் அது முடிந்துவிடும் என்பதால், எல்லாக் கடிதமும் மகளின் விலாசத்துக்கும் ஆலோசகருக்கும் போகும்படி முன்பே எழுதிக் கொடுத்திருந்தோம். வதிவிடச் சான்றிதழும் அண்ணாவின் வயதும் இப்போது கையில் இருந்தன. வீட்டுப் பங்கு முழுதாக நீக்கப்பட்டது. தமக்கை இறந்த 2019 பயணம் எட்டு வாரத்துக்குள் அடங்கியதால் அதுவும் நீங்கியது.

2018 பயணத்துக்கு விதிப்படி உரிமை இல்லை. ஆனால் கேட்டுப் பெற்ற பதிவுகளின் நடுவே ஒரு தொலைபேசிக் குறிப்பு இருந்தது. அம்மா சில வாரம் இலங்கை போகிறார் என்று 2018 நவம்பரில் மகள் அழைத்துச் சொல்லியிருக்கிறார். மகளுக்கே அது மறந்துபோயிருந்தது. பென்ஷன் கிரெடிட்டில், தகவலை மறைத்ததாலோ தவறாகச் சொன்னதாலோ வந்த கூடுதல் தொகையைத்தான் திருப்பிக் கேட்க முடியும். சொல்லியிருந்ததால் அந்தப் பகுதியும் போனது.

2020 மட்டும் நின்றது. முதல் நாலு வாரம் கணக்கிலிருந்து கழிக்கப்பட்டது. மீதி வாரங்களுக்கு 2,000 பவுணுக்குச் சற்றுக் குறைவாகக் கட்ட வேண்டும் என்று முடிவானது. ஊரடங்கு அம்மாவின் நேர்மையைக் காட்ட உதவியது, ஆனால் தொலைபேசியில்கூட அறிவிக்காததற்கு எங்களிடம் பதில் இல்லை. அதற்கு மேல் முறையிடுவதில்லை என்று அம்மாவே சொன்னார்.

வாடகை உதவியைக் கொடுத்த மாநகரசபை தனியாக ஒரு முடிவு அனுப்பியது. 2018 அழைப்பு திணைக்களத்துக்குத்தான் போனது, மாநகரசபைக்கு அல்ல. அதனால் அங்கே 2018 உம் 2020 உம் நின்றன. 3,000 பவுணுக்கு மேல். இதை ஏற்றுக்கொள்ள மகளுக்குத்தான் மிகவும் கஷ்டமாக இருந்தது. ஒரு இடத்தில் சொன்னால் மற்ற இடத்துக்கும் தெரியும் என்று நினைப்பது இயல்பு. அங்கே அப்படி இல்லை.

இனி மாற்றிச் செய்வது

இதே மாதிரிக் கடிதத்தோடு வருபவர்களிடம் இப்போது முதலில் கேட்பது வெளிநாட்டுப் பயணங்களைப் பற்றித்தான், சொத்தைப் பற்றி அல்ல. பதிவுகளின் பிரதியை முதல் வாரத்திலேயே கேட்கச் சொல்கிறேன். வதிவிடச் சான்றிதழ், அடையாள அட்டைப் பிரதி போன்றவற்றை முன்கூட்டியே எடுத்து வாக்குமூலத்தோடே அனுப்பியிருந்தால் 14,000 பவுண் என்ற அந்தக் கடிதம் வராமலே இருந்திருக்கும். அந்தக் கடிதம் வந்த மாதம் அம்மாவின் இரத்த அழுத்தம் கூடி இரண்டு தடவை வைத்தியசாலைக்குக் கொண்டுபோக வேண்டியிருந்தது.

இன்னும் லண்டனில் இருந்து இந்தக் கொடுப்பனவுகளை எடுத்துக்கொண்டு கொழும்புக்கு வந்துபோகும் பெற்றோர் பலர். அவர்களுடைய பிள்ளைகளிடம் சொல்வது: போகும் தேதி, வரும் தேதி இரண்டையும் திணைக்களத்துக்கும் மாநகரசபைக்கும் தனித்தனியாக, எழுத்தில் அறிவியுங்கள். திரும்புவது தாமதமானால் அன்றைக்கே இன்னொரு தடவை அறிவியுங்கள். மூலை வெட்டிய பழைய கடவுச்சீட்டை எறிய வேண்டாம்.

அம்மா இப்போது இரண்டு கடனையும் தவணையாகக் கட்டி வருகிறார். ஓய்வூதியத்தில் வாரம் ஒரு சிறு தொகை கழிகிறது. மாநகரசபையின் தவணையை மகள் கட்டுகிறார். கொட்டாஞ்சேனை வீட்டுக்கு, இறந்தவரின் சொத்தை வாரிசுகள் பெயருக்கு மாற்றும் நிர்வாக வழக்கு இதுவரை போடவில்லை. அண்ணா இருக்கும்வரை போடுவதில்லை என்று ஐந்து பங்காளிகளும் பேசி வைத்திருக்கிறார்கள்.